பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைக் காட்டத் திணறும் பைனாகுலர்

இந்த 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரை ஜனவரியில் வாங்கினேன். முதலில் வந்ததில் ஒரு நிலா இரண்டாகத் தெரிந்தது. திருப்பி அனுப்பி வேறு வாங்க மூன்று வாரம் ஆயிற்று. இப்போதுள்ளது பழுதில்லை. எடை முக்கால் கிலோவுக்கு மேல். கையில் தூக்கிப் பிடித்தால் நட்சத்திரமெல்லாம் புழுவாய் நெளியும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் பரவாயில்லை. ட்ரைபாடில் மாட்டும் இணைப்பைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

நிறம் காட்டுவதில் குறை சொல்ல மாட்டேன். ஃபோகஸை லேசாகக் கலைத்துப் பாருங்கள், புள்ளி வட்டாகி நிறம் எடுப்பாகத் தெரியும். திருவாதிரை காவி. அதே ஓரியனின் காலில் இருக்கும் ரைஜெல் வெளிர்நீலம். ரோகிணி ஆரஞ்சு மிட்டாய். கார்த்திகையில் ஆறுக்கு மேல் எண்ணியிராத அம்மா, இதில் பார்த்துவிட்டு "இம்புட்டு இருக்கா!" என்றார்.

எந்த ரகம் எத்தனை என்று நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினேன். நீலமும் வெள்ளையும் ராட்சதச் சிவப்பும்தான் பக்கத்தை நிரப்பின. அப்புறம் படித்தால், கோபுர விளக்கை மட்டும் எண்ணிவிட்டு ஊரிலுள்ள ஜீரோ வாட் பல்புகளை விட்ட கதை! நட்சத்திரங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு செங்குறுமீன்கள், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நம் சூரியன் ரகம் நூற்றுக்கு ஏழெட்டுத்தான். ஓரியனின் இடுப்பில் மினுங்கும் அல்நிடாக் போன்ற, மிகச் சூடான நீல நட்சத்திரங்களான ஓ (O) ரகமோ பல லட்சத்தில் ஒன்று. அது என் நோட்டில் முதல் வாரமே ஏறிவிட்டது!

சரி, ஒரு செங்குறுமீனையாவது பிடிப்போம் என்று மே மாதம் சாயல்குடிப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போனேன். குறி, பர்னார்டின் நட்சத்திரம். ஆறே ஒளியாண்டு தூரம். 800 ஒளியாண்டுக்கு அப்பாலிருக்கும் ரைஜெல் கண்ணைப் பறிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரான இவருடைய பிரகாச எண்ணோ (எண் கூடக் கூட மங்கல்) 9.5. இந்தக் கருவியின் எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு இரவு ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் இரவு, நிலா ஏறுமுன், வரைபடம் சொன்ன இடத்தில் ஒரு மங்கல் புள்ளி. நேராகப் பார்த்தால் மறைகிறது, ஓரக்கண்ணால் பார்த்தால் வருகிறது. அதுதான் என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன்.

ஐந்துக்கு நாலு. லென்ஸ் மூடி அடிக்கடி கழன்று விழுகிறது, நூல் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.