ஆர்எக்ஸ் 100-ஐ ரெஸ்டோரேஷனுக்கு விடும் முன் இதைப் படியுங்கள்

68,000 ரூபாய் போய்விட்டது. அதைவிடப் பெரிதாக, அப்பாவின் வண்டியில் இருந்த ஒரிஜினல் பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) போய்விட்டது. நேற்றுதான் உறுதியானது. கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

வண்டி 1987 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பதால் அதன் பழைய பாகங்களுக்கு என்ன கிராக்கி என்று சொல்லவே வேண்டாம். பழைய வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கித் தருவதாக வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் ஒரு ரெஸ்டோரேஷன் பட்டறையில் விட்டேன்.

நான் ஏமாந்தது அந்த ஆளின் ஞானத்தில்தான். என் கண்முன்னேயே ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பாருங்கண்ணே, தகடு எவ்வளவு கச்சிதமா உட்காருது. உள்ளே இழுத்த பெட்ரோல் திரும்பி கார்புரேட்டருக்கு வராம இதுதான் தடுக்குது. 98 சிசியில 11 குதிரைத்திறன் சும்மா வருமா? பிளாக்கும் ஜப்பான் சரக்கு, இதை மாத்தவே கூடாது" என்றார். இவ்வளவு தெரிந்தவர் வண்டியைக் கெடுப்பாரா என்று நினைத்தேன். அன்றே 40,000 கொடுத்தேன். இரண்டு மாதம் என்றது ஐந்து மாதமானது. எடுக்கும்போது மீதி 28,000.

பெயின்ட், குரோம் எல்லாம் பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பிஸ்டன் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள்ளேயே இறுகி நின்றுவிட்டது. பின்னால் லாரி எதுவும் வராததால் உயிரோடு இருக்கிறேன்.

போன் செய்தால் "புது பிஸ்டன்ணே, நீங்க விரட்டிட்டீங்க." அப்புறம் "டூ டி ஆயில் மட்டமா ஊத்தியிருப்பீங்க." அதற்கப்புறம் "ஓனர் வெளியூர்." இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் நேற்றுப் பிரித்தார். மாற்றியதாகப் பில் போட்ட கிராங்க் ஆயில் சீல்கள் (இன்ஜினுக்குள் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) பழையவை, கல் மாதிரி இறுகியிருந்தன. அந்த வழியாக வெறும் காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை மெலிந்து சூடேறும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்து போகும் டூ டி ஆயில்தான் பிஸ்டனுக்கு எண்ணெய். அந்த ஆயில் பம்பின் கேபிளையும் செட் செய்யாமல் தொளதொளவென்று விட்டிருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் பம்ப் அதற்கேற்ப ஆயில் தரவில்லை.

அப்போதுதான் பிளாக்கைப் பார்த்தேன். எங்கள் பிளாக்கில் சூடு ஆற வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளில் (ஃபின்) மேலிருந்து மூன்றாவது ஃபின் ஓரம் உடைந்திருக்கும். நான் சின்ன வயதில் வண்டியைக் கீழே தள்ளியதில் உடைந்தது. இதில் எல்லா ஃபின்னும் முழுசாக இருக்கின்றன. இது எங்கள் பிளாக்கே இல்லை.

யாராவது வண்டி விடுவதாக இருந்தால், இன்ஜின் நம்பர் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில்தான் இருக்கும், பிளாக்கில் இருக்காது. அதனால் பிளாக், ஹெட், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அடையாளம் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய சாமான் ஒரு வாஷர் விடாமல் திருப்பிக் கேளுங்கள். முழு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இப்போதைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை பில்லோடும் பழைய போட்டோக்களோடும் நேரில் போகிறேன். 68,000-ஐக்கூட விட்டுவிடுவேன். அந்த உடைந்த ஃபின் பிளாக் எனக்குத் திரும்ப வேண்டும்.