குளோன் பசுவா, சினை ஊசிக் கன்றா?

நிறையப் பால் கறக்கும் பசுவைப் பெருக்க இரண்டு வழிகள். ஒன்று, அதன் உடல் செல்லிலிருந்தே நகல் எடுப்பது, அதாவது குளோன் செய்வது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 2023 மார்ச்சில் பிறந்த கங்கா என்ற கிர் இனக் கன்று அப்படி வந்ததுதான். இன்னொன்று, நல்ல காளையின் விந்தில் சினை ஊசி போடுவது.

பாலின் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. குளோன் பசுக்களின் பாலும் மற்ற பசுக்களின் பாலும் கொழுப்பு, புரதம் எல்லாவற்றிலும் ஒத்தே இருப்பதாகக் கண்டு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் அதைப் பாதுகாப்பானது என்றது.

அளவுதான் சிக்கல். பசுக்களிடையே கறவையில் காணும் வேறுபாட்டில் சுமார் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் மரபணுவால் வருகிறது; மீதி தீவனம், கொட்டகை, பராமரிப்பு. அப்புறம், மூலப் பசு இருபது லிட்டர் கறந்தது என்பதற்காக நகலும் கறக்குமா? உறுதி கிடையாது. கொழுப்புச் சதவீதத்தில் மரபின் பங்கு கூடுதல், அதில் வேண்டுமானால் நகலை நம்பலாம்.

செலவைப் பார்த்தால் போட்டியே இல்லை. குளோன் கருக்களில் பெரும்பாலானவை கன்றாவதே இல்லை. பிறப்பவற்றில் சில அளவுக்கு மீறிப் பருத்திருக்கும், பிரசவமே ஆபத்தாகும். பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்திலோ பத்தில் ஒன்பது கிடேரி.

நகல் எடுத்தே ஆகவேண்டும் என்றால் காளையை எடுக்கலாம். ஒரு காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போகும். ஹரியானாவின் ஹிசாரில் 2015இல் எருமைக் கிடாவை அப்படி எடுத்தார்கள். மாடு வளர்ப்பவருக்கு இப்போதைக்கு ஊசியே போதும்.