குரூப்பை விட்டு ஓடும் அந்த ஒரு குண்டு: 10 மீட்டர் ஏர் ரைஃபிளோடு சில வருடங்கள்

அழுத்தக் காற்று சிலிண்டரில் இயங்கும் மேட்ச் ரைஃபிள் ஒன்றைச் சில வருடங்களாகச் சேலத்தில் பயன்படுத்தி வருகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எடை, கைப்பிடி, டிரிக்கர் பற்றி எல்லாம் விற்பவர்களே விலாவாரியாகச் சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாதது ஃபிளையர் சமாச்சாரம். ஒன்பது குண்டு ஒரே ஓட்டையில் கூட்டமாக, அதாவது குரூப்பாக, போயிருக்கும். ஒன்று மட்டும் எங்கோ தள்ளிக் கிடக்கும். ரேஞ்சில் ஜூனியர் பிள்ளைகள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, இது மட்டும் ஏண்ணா எட்டுக்குப் போச்சு?" என்று கேட்காத வாரம் இல்லை.

நான் முதலில் பார்ப்பது அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத்தான். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். டார்கெட்டில் 10-ன் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், குண்டு 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு தொட்டாலே மதிப்பெண் என்பதால், குண்டின் நடுப்பகுதி மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் 10, 5-க்குள் விழுந்தால் 9, 7.5-க்குள் விழுந்தால் 8. இந்த அளவுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இப்போது ரெகுலேட்டரை, அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகத்தை, எடுத்துக்கொள்வோம். எது நடந்தாலும் "காற்று சரியில்லை" என்று அதன் தலையில் போடுவது எல்லா ரேஞ்சிலும் உண்டு. குண்டு வினாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பில் 17 மி.மீ. போல இறங்குகிறது. வேகம் 5 மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் டார்கெட்டில் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். அதுவும் மேலே அல்லது கீழே, பக்கவாட்டில் இல்லை. வலது பக்கம் 3 மணி திசையில் 8 விழுந்தால் அதற்கு ரெகுலேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

ஆனால் ரெகுலேட்டர் நிஜமாகவே கெட்டால் ஒரு அடையாளம் காட்டும். என் ரைஃபிளில் இடைவேளை விட்டு வந்து சுடும் முதல் குண்டு மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. அடுத்தடுத்து சுட்டால் ஒழுங்காக இருக்கும், நின்றுவிட்டு வந்தால் மறுபடி மேலே. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பார்த்ததில் அந்த முதல் குண்டு மட்டும் வேகமாகப் போவது தெரிந்தது. உள்ளே சீல் தேய்ந்து, சும்மா இருக்கும் நேரத்தில் அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. சீல் மாற்றியதும் சரியானது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: சிலிண்டருக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் 10 வருடம், தேதி அதிலேயே பொறித்திருக்கும்.

ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காபிக் கிடங்கில் விடுமுறைக்குப் போனால் பழகுவேன். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, குண்டு வேறு மாதிரி போகும் என்று பயமுறுத்துவார்கள். 10 மீட்டரில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அங்கே குண்டை இழுத்துப்போனது ஜன்னல் காற்று. வினாடிக்கு ஒரு மீட்டர், அதாவது முகத்தில் லேசாகப் படுகிற அளவு குறுக்குக் காற்று அடித்தாலே இந்தத் தட்டைத்தலைக் குண்டு 2 மி.மீ.க்கு மேல் ஒதுங்கிவிடும். பத்து ஒன்பதாக அது போதும். கதவைச் சாத்தியதும் குரூப் கூடிவந்தது. பனி நாட்களில் வெளியிலிருந்து ரைஃபிளை உள்ளே கொண்டுவந்தால் குறி பார்க்கும் பின் சைட்டின் கண்ணாடியில் ஆவி படியும். கால் மணி நேரம் சும்மா வைத்துவிட்டுத் தொடுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய பிறகு பின் சைட் திருகையும், ஸ்டாக்கை (தோளில் அணைக்கும் கட்டையை) பிடிக்கும் திருகையும் கட்டாயம் பார்க்க வேண்டும். திருகு தளர்ந்தால் குண்டு தனியாக ஓடாது, குரூப்பே இரண்டாகப் பிரியும். இங்கே நாலு, அங்கே நாலு, நடுவில் காலி. பேப்பரில் அப்படிப் பார்த்தால் ஆலன் கீயை எடுங்கள், சுட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பேரலைச் சுத்தம் செய்த உடனே சுடும் சில குண்டுகளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

குண்டு விஷயத்தில் நான் கறார். பாவாடை, அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கிய ஒரே ஒரு குண்டு போதும், எந்தத் திசையிலும் போகும். டப்பாவைத் திறந்ததும் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பார்ப்பேன்: வட்டம் முட்டை வடிவமாக இருந்தால் அது வார்ம்அப்புக்கு. தலையின் விட்டம் 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருக்கும். எது உங்கள் பேரலுக்கு ஒத்துவரும் என்பது ரைஃபிளை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இடுக்கியில்) பூட்டிப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோதனையில் ஒரே ஓட்டை விழுந்து, நின்று சுடும்போது சிதறினால் ரைஃபிளைச் சந்தேகப்படுவதை விட்டுவிடலாம்.

பெரும்பாலும் தவறு சுடுபவரிடம்தான் வந்து நிற்கும். எங்கள் ரேஞ்சில் பிள்ளைகளைக் குண்டு விழுந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறோம்: "ஒன்பது, இடது, கொஞ்சம் கீழே." சொன்ன இடத்தில் ஓட்டை இருந்தால் அது ஃபிளையரே இல்லை, பேரல் முனை அங்கே இருந்தபோது டிரிக்கர் விழுந்திருக்கிறது. முனை அரை மி.மீ.க்கும் குறைவாக நகர்ந்தாலே டார்கெட்டில் 5 மி.மீ. எட்டு அப்படித்தான் பிறக்கிறது. "பத்து" என்று உறுதியாகச் சொல்லி, ஓட்டை வேறெங்கோ இருந்தால் மட்டுமே குண்டையும் திருகையும் சந்தேகப்படலாம். கன்னம் ஸ்டாக்கில் வேறு இடத்தில் படிந்தது, ரைஃபிள் 5 டிகிரி சாய்ந்தது போன்றவை மட்டும் இந்த வலையில் சிக்காமல் தப்பிக்கும். சாய்வு பக்கவாட்டில் ஒன்றரை மி.மீ. தள்ளிவிடும், சுடுபவருக்கு உறைக்கவே உறைக்காது. பயிற்சியில் மட்டும் முன் சைட்டில் ஸ்பிரிட் லெவல் மாட்டினால் பிடிபடும்.

ஐந்து குண்டு குரூப்பை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஐந்தில் ஒன்று கொஞ்சம் தள்ளி விழுவது சாதாரணச் சிதறலிலேயே அடிக்கடி நடக்கும். பல பேப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓடிப்போனதாக நினைத்த பல குண்டுகள் அந்தப் பெரிய வட்டத்துக்குள்ளேயே இருக்கும்.

ரைஃபிளை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தப் பணத்தில் வைஸில் சோதித்த அதே பேட்ச் எண் குண்டை ஒரு வருடத்துக்குச் சேர்த்து வாங்கி வைப்பேன்.