டிரைசூட்டுக்குள் என்ன போடுவது? ஹியூரான் ஏரியில் சில பருவங்கள்

குளிர்நீரில் முக்குளிப்பவர்கள் அணியும் டிரைசூட் தண்ணீரைத் தடுக்கும். குளிரைத் தடுப்பது அதன் வேலையில்லை. அதிலும் என்னுடையது போன்ற, மூன்று மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த டிரைலாமினேட் சூட்டில் துணிக்கென்று கதகதப்பே கிடையாது. உடம்புச் சூட்டைக் காப்பாற்றுவது உள்ளே அணியும் உடைகளும் அவற்றின் இழைகளுக்கிடையே தங்கும் காற்றும்தான். ஆனாலும் சூட்டுக்குக் கைநிறையச் செலவழித்துவிட்டு, உள்ளே போட வீட்டில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு வருபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் அதிகம் முக்குளிப்பது கனடாவின் ஒன்டாரியோவில், டோபர்மோரியை ஒட்டிய ஃபாதம் ஃபைவ் பூங்காவில். 1885-இல் மூழ்கிய ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ என்ற பாய்மரக் கப்பல் ஏறத்தாழ ஆறு மீட்டர் ஆழத்தில்தான் கிடக்கிறது. கோடையில் அங்கே மெல்லிய ஃபிளீஸ் போதும். 1884-இல் மூழ்கிய ‘அரேபியா’ கதை வேறு: முப்பது மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், அந்தக் குளிர்நீர் ஏரியின் அடியிலேயே தங்கிவிடுகிறது. ஆகஸ்டில் மேற்பரப்பு சுகமாக இருக்கும். இடையிலுள்ள எல்லையைத் தாண்டி இறங்கினால் கோடை வந்த சுவடே இருக்காது.

இந்த இரட்டைப் பருவம்தான் உடைத் தேர்வைச் சிக்கலாக்குகிறது. கீழே இருக்கும் குளிருக்காக உடுத்திக்கொண்டு, மேலே வெயிலில் நிற்க வேண்டும். தண்ணீரில் இறங்குமுன்பே முதுகு வியர்த்துவிடும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், அந்த வியர்வை கீழே போனதும் நமக்கு எதிராகத் திரும்புகிறது. ஆகவே என் தேர்வில் முதலிடம் தடிமனுக்கு அல்ல, ஈரத்தைத் தோலிலிருந்து அகற்றும் திறனுக்கு. தோலை ஒட்டி மெரினோ கம்பளி. அது இல்லையென்றால் பாலியெஸ்டர் தெர்மல்ஸ். பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம். குடித்த ஈரத்தை அது விடாது.

அதற்கு மேல் அண்டர்சூட், அதாவது டிரைசூட்டுக்குள் அணியும் கதகதப்பு உடை. என்னுடையது சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள தின்சுலேட் என்ற செயற்கை நுண்ணிழையால் ஆனது. கரையேறி ஜிப்பைத் திறக்கும்போது சூட்டின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அண்டர்சூட்டின் வெளிப்பக்கம் தோளிலும் முழங்கையிலும் ஈரமாக இருக்கும். அதற்குள் கைவிட்டால் கம்பளி ஏறக்குறைய உலர்ந்திருக்கும். இந்தச் சேர்மானம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. படகில் அண்டர்சூட்டை இடுப்புவரை மட்டும் ஏற்றிக்கொண்டு, எல்லாம் தயாரான பிறகே மேற்பகுதியை மாட்டுகிறேன். உடன் வருபவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

தின்சுலேட்டைப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், அமுக்கினாலும் எளிதில் தட்டையாகாது. நிமிர்ந்து மிதக்கும்போது சூட்டிலுள்ள காற்று தோள்பக்கம் ஏறிவிடும். நீரழுத்தம் கால்களைத்தான் இறுக்கும். முன்பு வைத்திருந்த மலிவான ஃபிளீஸ் உடை ஒன்று, முழங்காலிலும் உட்காருமிடத்திலும் பழைய இலவம்பஞ்சு மெத்தை போல அமுங்கிப் பளபளத்துவிட்டது. நெஞ்சில் கதகதப்பு, தொடையில் நடுக்கம் என்றால் எவ்வளவு தடிமனாக வாங்கியும் பயனில்லை.

பணம் குறைவென்றால் முழு அண்டர்சூட்டை மாற்றாமல் கையில்லாத வெஸ்ட் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். உடற்பகுதி சூடாகும், கை அசைவும் கெடாது, தோளுக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் வால்வை எட்டலாம். எந்த அடுக்கைச் சேர்த்தாலும், மிதக்காமல் மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையின் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். தடித்த உடை அதிகக் காற்றைப் பிடித்துவைக்கும். சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மட்டும் மிஞ்சிய நிலையில், மேலேறும் வழியில் சற்று நிற்கும் ஆழமற்ற நிறுத்தத்தில் நிலையாக நிற்க முடிகிறதா என்று சோதித்த பிறகே ஆழத்துக்குப் போவது நல்லது.

பாதத்துக்கு இரண்டு சாக்ஸ் போட்டு பூட்ஸுக்குள் திணிப்பதைவிட, விரல்களை அசைக்க இடம் விட்டு ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ் போடுவதே மேல். இறுக்கினால் காற்றும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை. தண்ணீர் புகாத உலர் கையுறையை அணியும்போது மணிக்கட்டு ரப்பருக்கடியில் சிறு கயிறு ஒன்றை விட்டுவைக்கிறேன். சூட்டுக் காற்று கைக்கும் போகும், அழுத்தமும் சமமாகும். ஆனால் கையுறை கிழிந்தால் அதே வழியில் தண்ணீர் சூட்டுக்குள் வரும். தெரிந்தே ஏற்கும் விலை அது.

பேட்டரியில் இயங்கும் சூடேற்று வெஸ்ட்டை நான் இன்னும் வாங்கவில்லை. அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆழத்தில் சூடாக இருந்து மேலேறும்போது குளிர்ந்தால் அழுத்தத் தளர்வு நோயின் (மேலேறும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வருவது) ஆபத்து கூடுகிறது. பேட்டரி பாதியில் தீர்ந்தால் நேர்வது துல்லியமாக அதுவே. வைத்திருப்பவர்கள், கீழே மிதமாக வைத்து மேலேறும் கட்டத்துக்குச் சூட்டைச் சேமிப்பது உத்தமம்.

துவைப்பது எளிது: குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல். துணி மென்மையாக்கியைச் சேர்க்காதீர்கள். ஈரம் உறிஞ்சிக் கடத்தும் இழைகளை அது அடைத்துவிடும். என் மெரினோ அடுக்கில் முழங்கை நைந்து ஒட்டுப் போட்டாகிவிட்டது. தின்சுலேட் இன்னும் புதிது போலவே இருக்கிறது, ஜிப்பின் இழுப்பான் மட்டும் உடைந்து, இப்போது நைலான் நூல் தொங்குகிறது.