எஸ்எஸ்எச் கிளையன்ட் போய்விட்டதா என்று யாரிடம் கேட்பது: கர்னலிடமா, கிளையன்டிடமேவா?

எஸ்எஸ்எச் என்பது தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து வேலை செய்யும் வழி. சொந்தமாக அதற்கு ஒரு சர்வர் எழுதுகிறவர்களுக்கு லாகின், கீ எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் இழுத்தடிக்கும். எக்ஸிட் அடித்துப் போகிறவரால் தொல்லை இல்லை. நாகர்கோவிலில் இருந்து பேச்சிப்பாறைக்குப் பஸ்ஸில் போகிறவர் போன் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் சர்வருக்குள் இருக்கிறார், குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது என்று வையுங்கள். இணைப்பு முடிந்தது என்று சொல்லும் ஃபின் வராது, அறுந்தது என்று சொல்லும் ரீசெட் வராது, சர்வர் பாட்டுக்கு செஷனைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

எஸ்எஸ்எச்சுக்கு அடியில் ஓடும் டிசிபி இணைப்பில், எதிர்முனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் போட்டால் போதும் என்பார்கள். ஒரே ஒரு சாக்கெட் ஆப்ஷன், மிச்சத்தை இயங்குதளத்தின் மையமான கர்னல் பார்த்துக்கொள்ளும். ஆனால் லினக்ஸில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 7200 வினாடி சும்மா கிடந்த பிறகுதான் முதல் புரோப் (தட்டிப் பார்க்கும் பாக்கெட்) போகும், அப்புறம் 75 வினாடிக்கு ஒன்றாக மொத்தம் 9, ஆகமொத்தம் 2 மணி 11 நிமிடம். குறைத்து வைக்கலாம், சரி. ஆனாலும் அனுப்பிய டேட்டாவுக்கு ஏசிகே (வந்து சேர்ந்தது என்ற ஒப்புதல்) வராமல் பாக்கி நிற்கும்போது கீப்அலைவ் வேலைக்கு வராது, மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும் ரீட்ரான்ஸ்மிட் கணக்குதான் ஓடும், அது சுமார் 15 நிமிடம். அதை அடக்க டிசிபி யூசர் டைம்அவுட்டைத் தனியாக வைக்க வேண்டும். நடுவில் இணைப்பை வாங்கிக் கடத்தும் ஒரு பிராக்ஸி இருந்தால் புரோப் அதோடு நின்றுவிடும், உண்மையான கிளையன்ட் வரை போகவே போகாது.

என் ஓட்டு எஸ்எஸ்எச்சுக்கு உள்ளேயே கேட்பதற்குத்தான். பரவலாகப் புழங்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் செய்வதுபோல, பதில் வேண்டும் என்று குறித்து ஒரு குளோபல் ரிக்வெஸ்ட் (முழு இணைப்புக்குமான கேள்வி) அனுப்புங்கள். கிளையன்டுக்கு அந்த ரிக்வெஸ்ட் தெரியாவிட்டாலும் ‘ஃபெயிலியர்’ என்று பதில் சொல்லியாக வேண்டும், ஆள் உயிரோடு இருப்பதற்கு அதுவே சாட்சி. என்க்ரிப்ட் ஆகிப் போவதால் நடுவில் யாரும் போலிப் பதில் போட முடியாது. கோ மொழியில் ஒரு கண்ணி உண்டு: அந்த ரிக்வெஸ்டை அனுப்பும் செண்ட்ரிக்வெஸ்ட் பதில் வரும்வரை அங்கேயே நிற்கும், அதற்கென்று டைம்அவுட் கிடையாது. அதனால் தனி கோரூட்டினில் (பக்கத்தில் தனியாக ஓடும் வேலை) ஓடவிட்டு, நேரம் கடந்தால் கனெக்‌ஷனை நீங்களே குளோஸ் செய்யுங்கள்.

கீ அழுத்தாதவரை வெட்டிவிடும் ஐடில் டைம்அவுட் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஃபைலில் புதிதாக வருவதைக் காட்டும் டெயில் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவரையும் சேர்த்து அது வெட்டிவிடும். சேனலில் வரும் இஓஎஃப்பையும் (இனி உள்ளீடு இல்லை என்ற அறிவிப்பு) ஆள் போனதாக எடுக்காதீர்கள், பைப் வழியாக உள்ளீடு கொடுத்தவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம்.

இடைவெளி 30 வினாடி, 3 தவறினால் வெட்டு என்று வைப்பேன். 5 வினாடி வைத்தால் அந்த பஸ் பயணி ஒவ்வொரு வளைவிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும்.