டாட்ஃபைல்களுக்கு ஷேமுவா: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

பழைய லேப்டாப்பின் டிஸ்க் ஒருநாள் திடீரென்று போய்விட்டது. ஆவணங்களுக்கு பேக்கப் இருந்தது. ஆனால் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பாஷ் ஷெல்லின் அலியாஸ்கள் (கட்டளைச் சுருக்கங்கள்), விம் எடிட்டரின் செட்டிங்ஸ், கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் கான்ஃபிக் எதற்குமே பிரதி இல்லை. இந்த அமைப்புகள் இருக்கும், பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளைத்தான் டாட்ஃபைல்கள் என்கிறோம். அந்த வாரம் முழுக்க விரல்கள் பழக்கதோஷத்தில் பழைய சுருக்கங்களையே அடித்தன, டெர்மினலும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அப்புறம்தான் அவற்றைப் பராமரிக்கும் கருவிகளைத் தேடிப்பிடித்து, முதலில் குனு ஸ்டோவுக்கும் (GNU Stow) பிறகு ஷேமுவாவுக்கும் (chezmoi) வந்து சேர்ந்தேன்.

ஸ்டோ நல்ல கருவி. ஒரே கணினிதான் என்றால் அதுவே போதும்: கோப்பெல்லாம் ஒரு ஃபோல்டரில், ஹோம் ஃபோல்டரில் அவற்றைச் சுட்டும் சிம்லிங்க், அவ்வளவுதான். எனக்கோ அலுவலகத்தில் மேக், வீட்டில் லினக்ஸ், கிட்டில் இரண்டுக்கும் வேறு வேறு இமெயில், பாத் வேறு. ஷேமுவாவில் கோப்பை டெம்ப்ளேட்டாக மாற்றி, மேக் என்றால் இந்த வரி, லினக்ஸ் என்றால் அந்த வரி என்று உள்ளேயே எழுதிவிடலாம். கோ மொழியின் டெம்ப்ளேட் முறை அது. இரட்டை அடைப்புக்குறிகள் முதலில் கண்ணை உறுத்தும், ஒரு மாலை உட்கார்ந்தால் பழகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது டிஃப் கட்டளை. மாற்றங்களை ஹோமில் பதிக்கும் அப்ளை கட்டளையைக் கொடுக்கும் முன்பே எந்தக் கோப்பில் எந்த வரி மாறப்போகிறது என்று காட்டிவிடுவதால் பயமில்லாமல் கை வைக்க முடிகிறது. போன மாதம் புது லேப்டாப் வந்தபோது ஒரே கட்டளைதான் அடித்தேன்: இந்தக் கோப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் கிட் ரெப்போவை இறக்கி, கோப்புகளை அதனதன் இடத்தில் வைத்து, ஒருமுறை மட்டும் ஓடும்படி எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் வழியாக பேக்கேஜ்களையும் நிறுவிவிட்டது. டெர்மினலைத் திறந்ததும் என் அலியாஸ்கள் எல்லாம் இருந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே!

குறையும் உண்டு. இது சிம்லிங்க் போடுவதில்லை, நகல்தான் வைக்கிறது. ஹோமில் உள்ள கோப்பை நேரடியாகத் திருத்தினால் அந்த மாற்றம் ரெப்போவுக்குத் தானாகப் போகாது. சாதாரணக் கோப்பென்றால் ரீ-ஆட் கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் டெம்ப்ளேட்டுகளை அது தொடாது, நாமே உட்கார்ந்து மெர்ஜ் செய்ய வேண்டும். எனக்கு இது இன்னும் எரிச்சல்தான். ரெப்போவில் கோப்புப் பெயர்களின் முன் டாட், பிரைவேட், எக்ஸிக்யூடபிள் என்று அது ஒட்டும் முன்னொட்டுகள் மனதில் பதியவும் சில நாளாகும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வேறு கணினிகளுக்குள் நுழைவதற்கான ரகசியச் சாவிகள் இருக்கும் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரை முதலில் தொட வேண்டாம். என்கிரிப்ட் (மறையாக்கம்) செய்யாமல் ஆட் கொடுத்தால் பிரைவேட் கீ அப்படியே ரெப்போவுக்குள் போய்விடும். பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சி ஒன்றை மட்டும் சேர்த்து, எடிட், டிஃப், அப்ளை மூன்றும் கைக்கு வந்த பிறகு, ஏஜ் (age) என்ற கருவியின் என்கிரிப்ஷனை அமைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள்.