ஒரு வேலை மட்டும் செய்யும் செயலிகளுடன் ஆறு ஆண்டுகள்

இணையதள வடிவமைப்பைத் தொழிலாக எடுத்துக்கொண்ட தொடக்கத்தில், கண்ணில் படும் நல்ல வடிவமைப்புகளையெல்லாம் சேமித்து வைக்குமாறு பலரும் அறிவுரை சொன்னார்கள். நானும் ஒரு சேகரிப்புச் செயலியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தேன். மூன்றாம் ஆண்டில் அச்செயலி மூடப்படுவதாக மின்னஞ்சல் வந்தது. பதிவிறக்கிக்கொள்ளத் தரப்பட்ட ஒரு மாத அவகாசத்தில் நான் மீட்டெடுத்தவை நாற்பது படங்கள். மீதியை எதற்காகச் சேமித்தேன் என்பதே நினைவில் இல்லை. அதே காலத்தில் நான் அன்றாடம் திறந்தவை, உலாவியிலேயே இயங்கி, ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்யும் சில சிறு செயலிகள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவை என்னிடம் நிலைத்திருப்பதால் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

அதிகம் பயன்பட்டது நிற வேறுபாட்டை அளக்கும் செயலி. எழுத்தின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் கொடுத்தால் அவற்றின் ஒளிர்வு விகிதத்தைச் சொல்லும். வேறு எதுவும் செய்யாது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த ஏற்ற தன்மை) வழிகாட்டுதல்களில் இடைப்பட்ட தரமான ஏஏ நிலைக்கு, சாதாரண அளவு எழுத்தில் இந்த விகிதம் குறைந்தது 4.5:1 ஆகவும், பெரிய எழுத்தில் 3:1 ஆகவும் இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.48 பெற்றுத் தவறிவிடுகிறது. #767676 ஏறத்தாழ 4.54 பெற்றுத் தேறிவிடுகிறது. அருகருகே வைத்தாலும் கண்ணுக்குப் புலப்படாத இந்த இடைவெளி முதலில் எனக்கு எரிச்சலையே தந்தது. ஆனால் தலைப்பு, துணைத்தலைப்பு, குறிப்பு என எல்லாவற்றையும் சாம்பலின் சாயல்களாலேயே பிரித்துக் காட்டிவந்த என் பழக்கம் இந்த எண்ணால்தான் உடைந்தது. வெளிறிய சாயல்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியானபோது, எழுத்தின் அளவையும் தடிமனையும் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் கொண்டு அதே படிநிலையை உருவாக்க வேண்டியிருந்தது. என் பக்கங்கள் பார்வைக்குத் தெளிந்தது அதன் பிறகே.

குறையும் உண்டு. எழுத்துரு எவ்வளவு மெல்லியது என்பதை அந்த விகிதம் கணக்கில் கொள்வதில்லை. இருண்ட பின்னணியில் அந்த விகிதத்தில் தேறிய சில நிறச் சேர்க்கைகளைக்கூட எனக்கு நெடுநேரம் படிக்க முடியவில்லை. ஆகவே எண் தேறிய பின்னரும், கைபேசியின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு பத்தியை முழுமையாகப் படித்துப் பார்க்கிறேன்.

அடுத்தது, படங்களின் கோப்பளவைச் சுருக்குவதற்காகக் கூகுள் குரோம் குழு 2018இல் வெளியிட்ட ஸ்கூஷ். படத்தைச் சேவையகத்துக்கு அனுப்பாமல் வெப்அசெம்ப்ளி (கனமான நிரல்களை உலாவிக்குள் வேகமாக இயக்கும் தொழில்நுட்பம்) வழியாக உலாவியிலேயே சுருக்குவதால், வாடிக்கையாளரின் வெளிவராத படங்களையும் அச்சமின்றிப் பயன்படுத்த முடிகிறது. திரையின் நடுவிலுள்ள கோட்டை இழுத்து, ஒருபுறம் மூலப்படத்தையும் மறுபுறம் சுருக்கப்பட்டதையும் ஒப்பிடலாம். தர எண்ணைக் குறைக்கக் குறைக்க வானத்தின் நிறமாற்றம் பட்டைகளாகப் பிரிவதையும், படத்துக்குள் இருக்கும் எழுத்தின் ஓரம் கலங்குவதையும், கரடுமுரடான பாறை மட்டும் பெரிதாக மாறாமல் நிற்பதையும் பார்த்துப் பார்த்து, எந்தப் படம் எவ்வளவு சுருக்கம் தாங்கும் என்பதை இப்போது திறக்கும் முன்பே ஓரளவு ஊகிக்கிறேன். இதில் ஒரு நேரத்தில் ஒரு படத்தையே சுருக்க முடியும். நூறு படங்கள் இருந்தால் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளைவரிக் கருவிகளுக்குச் சென்றுவிடுகிறேன்.

எஸ்விஜி கோப்புகளை, அதாவது கோடுகளாலும் வடிவங்களாலும் விவரிக்கப்படும் படங்களைச் சுருக்கும் செயலியைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும். படத்தின் ஆயப் பரப்பைக் குறிக்கும் வியூபாக்ஸ் பண்பை நீக்கும் தெரிவு இயங்கினால், கோப்பு சிறுத்தாலும் சின்னம் அளவுக்கேற்ப விரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று.

கற்பனைக்கு நான் திரும்பத் திரும்பச் செல்வது, டேவ் ஷே 2003இல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளம். அங்கே பக்கத்தின் உள்ளடக்கத்தையும் கட்டமைப்பையும் தாங்கும் எச்டிஎம்எல் மாறுவதில்லை. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் நடைதாள் மட்டும் மாற, ஒரே உள்ளடக்கம் வெவ்வேறு பக்கங்களாகத் தோன்றுகிறது. அதைப் பின்பற்றி, மாதம் ஒரு முறை என் பழைய பக்கம் ஒன்றை எடுத்து, எச்டிஎம்எல்லில் கை வைக்காமல், இரண்டே நிறங்களில் மீண்டும் வடிவமைக்கிறேன். பெரும்பாலானவை தேறுவதில்லை. தேறிய இரண்டில் ஒன்றிலிருந்த, ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் வழிசெலுத்தல் பட்டை பின்னர் உண்மையான பணி ஒன்றிலேயே இடம்பெற்றது.

மீட்டெடுத்த நாற்பது படங்கள் இன்னும் வன்தட்டில் இருக்கின்றன. கடந்த ஆண்டு அந்தக் கோப்புறையை இரண்டு முறை திறந்தேன். இரண்டு முறையும், ஒரு கால அட்டவணையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிசகாமல் நிற்கும் அதே படத்தைப் பார்ப்பதற்காக.